மாதிரிக் கூடு

ஏரிக்கரைப் பறவைகளுக்கெல்லாம் கூடு கட்டித் தந்த தூக்கணாங்குருவி ஒன்று, தன் வேலைத்திறமையைக் காட்டுவதற்கென்றே ஒரு மாதிரிக் கூடு கட்டியது. பார்க்க வருகிறவர்கள் அசந்துபோக வேண்டும் என்று மாடங்கள் வைத்தது, பூக்களைச் செருகியது, பிரித்துப் பிரித்து மறுபடி பின்னியது.

முட்டையிடும் நாள் நெருங்கிய சில்லைக்குருவி ஒன்று கூடு கட்ட ஆள் தேடி வந்து, அந்தக் கூட்டைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது.

"அண்ணே, உள்ளே எப்படிப் போறது?"

"அவசரப்படாதேம்மா. முதல்ல முகப்பைப் பாரு."

"அழகாத்தான் இருக்கு. எனக்குத்தான் நேரமில்லை" என்று சில்லை கிளம்பியது. வழியில் மழை பிடித்துக்கொள்ள, அடுத்த மரத்தில் காலியாகத் தொங்கிய பழைய கூடு ஒன்றுக்குள் சட்டென்று நுழைந்துகொண்டது. மழை விட்டதும் திரும்பி வந்தது.

"அண்ணே, அந்தக் கூட்டைக் கட்டினவர் யாருன்னு தெரியுமா? எனக்கு அவர்தான் வேணும்."

தூக்கணாங்குருவி, முன்பு தான் கட்டிய அந்தப் பழைய கூட்டையும் தன் மாதிரிக் கூட்டையும் ஒரு முறை பார்த்தது.

"தெரியும்மா. நாளைக்கே வரச் சொல்றேன்" என்றது.