பாட்டிலை வீசாதீர்கள்

மூட்டையை அவிழ்த்ததுதான் தாமதம், கடை முழுக்கக் குப்பென்று நாறியது. சாக்கடை அள்ளுகிறவர் அதை அப்படியே கவுண்டருக்கு முன்னால் கவிழ்த்தார். கறுப்புச் சேறு வழிய முப்பது நாற்பது பாட்டில்கள். ஒன்றிரண்டில் முடிக்கற்றை வேறு சுற்றியிருந்தது.

விற்பனைக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“என்னங்க இது, கடைக்குள்ள கொண்டாந்து கொட்டுறீங்க?”

“எல்லாத்துலயும் உங்க கடைப் பேருதாம்மா ஒட்டியிருக்கு.”

ஒட்டித்தான் இருந்தது. தரை துடைக்க, பாத்திரம் கழுவ, துணி துவைக்க என்று எல்லாத் திரவமும் அவள் கையால் விற்ற சரக்கு. காலி பாட்டிலைக் கொடுத்தால் நிரப்பிய பாட்டில் என்பதுதான் இந்தக் கடையின் பெருமையே. சனிக்கிழமைதோறும் காலிகளைக் கழுவுகிற இடத்துக்கு டிரைவர் ஏற்றிப் போவார். திங்கட்கிழமை ஒரு கீறல்கூட இல்லாமல் பளபளவென்று வந்து இறங்கும்.

இதைச் சொல்லித்தான் தன் குடியிருப்பில் நாற்பது வீட்டுக் கதவைத் தட்டி ஆள் சேர்த்திருந்தாள். அதில் எந்த மகராசி திருப்பித் தரச் சோம்பல்பட்டுச் சாக்கடையில் வீசினாளோ. இவர்களிடம் போய்த் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசினோமே என்று பற்றிக்கொண்டு வந்தது. சீ, என்ன ஜனங்கள்.

எதிரே நிற்கிற இந்த மனிதர் மட்டும் என்ன உசத்தி? நிரப்பிய பாட்டில் ஓசியில் கிடைக்குமென்று நரகலையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

“இதுக்கெல்லாம் மாத்திக் குடுக்க மாட்டோம். அள்ளிட்டுக் கிளம்புங்க.”

“எனக்கு ஒண்ணும் மாத்த வேணாம். அடைப்பெடுக்கக் கைய விட்டவன் நான். முதலாளியக் கூப்பிடுங்க.”

வரிசையில் நின்றிருந்த எதிர்வீட்டு அக்கா இரண்டடி பின்வாங்கினார். அவள் சேர்த்துவிட்ட முதல் ஆள் அவர்தான்.

“ஏம்மா, இந்த மாதிரி பாட்டில்லதான் எங்களுக்கு ஊத்தித் தர்றீங்களா?”

அவளுக்கு மானமே போனது.

“சேச்சே, எல்லாம் கழுவித்தான் வருதுக்கா. எங்க முதலாளி அதுல ரொம்பக் கறார். நீங்க என்னை நம்புங்க.”

சத்தம் கேட்டு முதலாளி உள்ளறையிலிருந்து வந்தார். குவியலைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போனது. இப்போது விடுவார் பார் டோஸ் என்று விற்பனைக்காரி காத்திருந்தாள்.

அவர் யாரையும் திட்டவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, டிரைவரை போனில் அழைத்தார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். பக்கத்தில் நின்ற அவளுக்கு மட்டும் கேட்டது.

“ஏம்பா, ஆத்துல கொட்டச் சொன்னா சாக்கடையிலயா கொட்டுவ?”