எலுமிச்சை வாசனை

"மறுபடியும் இதை வாங்கிட்டு வந்திருக்கியா?"

வேலையிலிருந்து வந்தவன் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. கடைப் பையிலிருந்து எட்டிப் பார்த்த எலுமிச்சை வாசனை ரூம் ஸ்ப்ரேதான் முதலில் கண்ணில் பட்டது.

"ஆமாங்க" என்றாள் மனைவி. பையை அடுக்களைக்குக் கொண்டுபோகத் தெம்பில்லாமல் மேஜைமேலேயே வைத்திருந்தாள்.

"எத்தனை தடவை படிச்சுப் படிச்சுச் சொல்றது? அப்பாவுக்கு ஏற்கெனவே நெஞ்சு சரியில்லை. இந்தக் கண்ட ரசாயனமெல்லாம் அவருக்கு ஆகாதுன்னு டாக்டரே சொல்லிட்டார்."

"தெரியுங்க."

"தெரிஞ்சும் வாங்கறேன்னா என்ன அர்த்தம்?"

அவள் பையின் வாயைச் சுருட்டி மூடினாள்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் அடுக்குமாடிகளில் ஏறி இறங்குகிறவன். டீ குடிக்கிற நேரத்தில் போனில் பார்ப்பதெல்லாம், வீட்டுக்குள் ஒளிந்திருக்கும் விஷங்களைப் பற்றித்தான். ஒரே மாதத்தில் கொசுவத்திச் சுருள், கீறல் விழுந்த நான்ஸ்டிக் வாணலி, பாத்ரூம் கழுவும் ஆசிட் எல்லாம் வெளியே போய்விட்டன.

"அடுத்து நானும் விஷம்னு போன்ல வந்தா, என்னையும் கட்டித் தூக்கிப் போட்டுடுவீங்க" என்று சிரித்தாளே தவிர, அவள் எதையும் தடுக்கவில்லை. இந்த ஸ்ப்ரே விஷயத்தில் மட்டும் அப்படி ஒரு பிடிவாதம்.

அப்பா இடுப்பெலும்பு முறிந்து படுத்து எட்டு மாதம். துடைத்துவிடுவது, டயப்பர் மாற்றுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் அவள்தான்.

"விரிப்பை நல்லா அலசிப் போட்டா நாத்தம் ஏன் வரப்போகுது? உனக்கு அலுப்பு. உன் சோம்பலை மறைக்க அப்பா இந்த விஷத்தை மூச்சுல இழுக்கணுமா?"

அவள் தன் கைகளைப் பார்த்தாள். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது.

"சரிங்க. தூக்கிப் போட்டுடுங்க."

போட்டுவிட்டான்.

அடுத்த நாலு நாளும் அவனுக்கு வேலை பெண்டை நிமிர்த்தியது. வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் அறை வாசலில் நின்று, "சாப்பிட்டீங்களாப்பா? மாத்திரை போட்டாச்சா?" என்பான். அவர் தலையாட்டியதும் குளிக்கப் போய்விடுவான்.

அப்பாவின் இருமல் குறைந்திருந்தது. 'பார்த்தியா, நான் சொன்னேனில்ல?' என்பதுபோல மனைவியைப் பார்ப்பான். அவள் துவைத்த விரிப்பை உதறிக்கொண்டு போவாள்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் அப்பாவே கூப்பிட்டார்.

"டேய், இங்க வா."

வாசலில் வந்து நின்றான். மீசையைத் தடவுவதுபோல ஒரு கை மூக்குக்குப் போனது.

"என்னப்பா?"

"அந்தப் பொண்ணை ஏன்டா திட்டினே? ஸ்ப்ரேயை வாங்கிட்டு வரச் சொன்னதே நான்தான்."

"நீங்களா?"

"வேண்டாம் மாமான்னு அவ எவ்வளவோ சொல்லிப் பார்த்தா. நான்தான் கெஞ்சினேன். உன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியமும் வாங்கிட்டேன். பாவம், வாயைத் திறக்காம எல்லாத்தையும் வாங்கிக் கட்டிக்கிட்டா."

"உங்களுக்கு அது ஆகாதுன்னு தெரியாதாப்பா?"

"தெரியாமலா? அடிச்சா அரை மணி நேரம் இருமல் பிடுங்கி எடுக்கும்."

"அப்புறம் எதுக்குப்பா?"

அப்பா கொஞ்சம் மூச்சு வாங்கினார். அவனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"அதை அடிச்ச அன்னிக்குத்தான்டா நீ உள்ளே வந்து, பத்து நிமிஷம் என் பக்கத்துல உட்கார்றே."