இதயம் இல்லாத நாற்பது

திருவட்டாற்றுக் குளத்தில் எடுத்த தவளைக் கருக்கள் நாற்பதிலும், இதயத்தை உருவாக்கும் மரபணுவை ஊசிபோட்டு முடக்கியிருந்தாள் பெனிலா. இதயமே முளைக்கக் கூடாது. மூன்றாம் நாள், மழை இருட்டில் விளக்கைப் போட்டு மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். நாற்பதும் துடித்தன. ஆய்வுத் தட்டில் தனித்தனிக் குழியில் கிடந்தும் ஒன்றாகவே துடித்தன. நிமிடத்துக்கு எண்பத்தாறு.

எதற்கும் இருக்கட்டும் என்று தன் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். எண்பத்தாறு. மாடிப்படி ஏறி இறங்கி வந்து மறுபடி குனிந்தாள். அவளுக்கும் நூற்றுப்பத்து, அவற்றுக்கும் நூற்றுப்பத்து.

கூட ஆய்வு செய்யும் சுபிஜா, கருக்களைக் கொன்று பதப்படுத்தும் மருந்துப் பாட்டிலோடு வந்தாள். “ஏட்டி, மூணு நாளு ஆச்சுல்லா? ஃபார்மலின ஊத்தி முடிச்சிரட்டா?”

பெனிலா தன் நாடியில் விரலை வைத்தபடியே பாட்டிலைப் பார்த்தாள்.

சுபிஜா மூடியைத் திறந்தாள். குழிகளில் நாற்பதும் படபடவென்று அடித்துக்கொண்டன.