இடது முட்டிக்கு மேலே

பந்தை அவள் விட்டிருக்கலாம். கோட்டைத் தாண்டி வெளியே போகிற பந்துதான்.

விழுந்தாள்.

இடது பக்கமாக, காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே, நாலடி தூரம்.

"இன்னைக்கு யாரும் விழுந்துராதீங்க பிள்ளைகளா" என்று மாஸ்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். ஹாக்கி மைதானத்துக்குத் தண்ணீர் தெளிக்கிற மோட்டார் ஓடவில்லை. நனையாத செயற்கைப் புல் சும்மா விடுமா? தேங்காய் துருவுகிற மாதிரி தோலைத் துருவிவிடும்.

எழுந்தாள்.

முழங்கை எரிந்தது. கண்ணில் நீர் முட்டுகிற எரிச்சல். அதற்குச் சந்தோஷப்பட்டாள்.

பிறகுதான் முட்டிக்கு மேலே பார்த்தாள். உள்ளங்கை அகலத்துக்குத் தோல் போயிருந்தது. ரத்தம் பொட்டுப் பொட்டாக வந்துகொண்டிருந்தது.

அங்கே எரிச்சல் ஒன்றும் தெரியவில்லை.

தேமல் இருந்த இடம் அது. ஒரு வருடமாக இருக்கிறது. வெயிலில் ஆடினால் வரத்தான் செய்யும் என்று அம்மா எண்ணெய் தடவிவிட்டாள். இவளும் மறந்துவிட்டாள்.

காலையில் பஸ் ரயில்வே கேட்டில் நின்றது. எதிரே ஆஸ்பத்திரிச் சுவர். ஆறு வருடமாகத் தினமும் பார்க்கிற சுவர்தான். படித்ததில்லை.

இன்று படித்தாள்.

உணர்ச்சியற்ற தேமல் தொழுநோயாக இருக்கலாம்.

பஸ்ஸிலேயே கிள்ளிப் பார்த்தாள். பேண்ட்டுக்கு மேலே கிள்ளினால் என்ன தெரியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஆட்டம் முடிந்தது. தோல் போனவர்கள் மூன்று பேர். படியில் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

இந்த டீமில் ஒரு வழக்கம். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். முத்துப்பேச்சி பஞ்சில் டிஞ்சர் நனைத்துக் காயத்தில் வைப்பாள். சத்தம் போட்டவள் மறுநாள் எல்லார் மட்டையையும் சுமக்க வேண்டும்.

இவள் ஒரு நாளும் சுமந்ததில்லை. வலிக்கத்தான் செய்யும். பல்லைக் கடித்துக்கொள்வாள். அதனால் பெயரே கல்லு. நாளைக்கு மாஸ்டர் கேப்டன் பெயரைச் சொல்லப் போகிறார். யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

முதல் பெண் "அய்யய்யோ, எம்மா!" என்று துள்ளினாள்.

இரண்டாவது பெண், "பேச்சி, நீ நல்லாவே இருக்க மாட்டட்டி!" என்றாள். ஒரே சிரிப்பு.

இவள் முறை.

முழங்கையைக் காட்டவில்லை. காலை நீட்டினாள். கண்ணை மூடினாள்.

எரியணும் சாமி. இன்றைக்கு ஊர் கேட்கக் கத்துகிறேன். வருடம் பூரா நானே எல்லா மட்டையையும் சுமக்கிறேன். எரிந்தால் போதும்.

பயமாக இருந்தது.

டிஞ்சர் வாடை வந்தது.

காத்திருந்தாள்.

வாடை இன்னும் கிட்டே வந்தது. பேச்சி ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறாள்? சும்மா விளையாட்டுக் காட்டுகிறாளோ?

காத்திருந்தாள்.

கைதட்டல் கேட்டது.

"கல்லுன்னா கல்லுதாம்ட்டி!"

கண்ணைத் திறந்தாள். காயம் முழுக்கப் பழுப்பாகியிருந்தது. பஞ்சு கீழே கிடந்தது. பேச்சி பாட்டிலை மூடிக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவ வையிட்டி" என்றாள் இவள். "அழுத்தி வையி."

மறுபடியும் கைதட்டினார்கள்.