மாப்பிள்ளைக்கு ஒரு குரல்

பூனைக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தவள் அவருடைய மனைவி. நாலு தடவை கெஞ்சிக் கூப்பிட்டால்தான் தட்டுப் பக்கமே வரும், அவ்வளவு பிகு. அவள் இறந்து சில மாதங்களில் சமையலறைத் தரையை மிஷின் வைத்துப் பெயர்த்தார்கள். அந்தச் சத்தத்தில் மிரண்டுபோன பூனை சாப்பாட்டைத் தொடவே இல்லை. கால்நடை மருத்துவர் சொன்னபடி, அதைப் படுக்கையறையில் விட்டு, அவளுடைய பழைய புடவையை விரித்து, சாப்பாட்டுத் தட்டையும் வைத்துக் கதவைச் சாத்தினார் அவர்.

மதியம் கொத்தனார் கூச்சத்தோடு வந்து நின்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். மிஷினை நிறுத்தினா போதும், ரூமுக்குள்ள இருந்து அம்மா 'ஒண்ணுமில்ல மாப்ள, சாப்பிடு'ங்கறாங்க. நானும் சாப்பிட்டாச்சும்மான்னு சொல்லிட்டேன். என்னைப் போய் மாப்ளன்னு..."

வீட்டுக்காரர் போய்க் கதவைத் திறந்தார். தட்டு காலி. பூனை புடவையில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து மிஷின் நிற்கும்போதெல்லாம் அவர் கதவில் காதை வைத்துக் கேட்டார். கொத்தனாருக்குக் கேட்ட குரல் அவருக்கு மட்டும் கேட்கவில்லை.

கடைசி நாள் கொத்தனார் மிஷினைத் துடைத்து மூட்டை கட்டினார். "வேலை முடிஞ்சுது சார்."

"கூடத்துச் சுவரையும் இடிச்சிருங்க."

"அது நல்லாத்தானே சார் இருக்கு?"

"இடிங்க," என்றார், கதவிலிருந்து காதை எடுக்காமல்.