மான்மேல் போட்ட பழி

கராஜ் கதவு தடதடத்தது. வெண்டெல் கையிலிருந்த போல்ட்டைப் பழைய ஆயில் டப்பாவுக்குள் போட்டார். அது முழுக்க மூழ்கிய பிறகுதான் போய்த் தாழ்ப்பாளைத் திறந்தார்.

கிளிஃப் பூட்ஸிலிருந்த பனியை உதறிக்கொண்டு உள்ளே வந்தார். "என்ன வாத்தியாரே, உள்ள தாப்பா போட்டுக்கிட்டு? வண்டிக்குப் பிரசவமா பாக்குறே?"

"குளிர் உள்ள வருதுய்யா. ஹீட்டர் என்ன சும்மாவா எரியுது?"

நடுவில் ஸ்டாண்டின் மேல் நின்றது நண்பர் ஆர்விட்டின் வண்டி. ஐம்பது வயதான ஜப்பான் மோட்டார் சைக்கிள். அக்டோபர் கடைசியில், ஏரிக்கரைச் சாலை இறக்கத்தில், ஆர்விட் அதிலிருந்து விழுந்து அங்கேயே போய்ச் சேர்ந்தார். ஷெரிஃப் ஆபீஸிலிருந்து வந்தவர் சாலையை ஒரு பார்வை பார்த்து, "மான் குறுக்கே வந்திருக்கும்" என்று முடித்துவிட்டார். மிச்சிகனின் வடகோடியில் மான்மேல் பழி போட்டால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

அடக்கம் முடிந்து சர்ச் கூடத்தில் எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது வெண்டெல் எழுந்து நின்றார். "இந்தக் குளிர்காலம் பூரா உக்காந்து ஆர்விட் வண்டிய நான் எழுப்புவேன். பனி உருகினதும் நம்ம பைக் ஊர்வலத்துக்கு அதுதான் முன்னால போகும்!" பலர் கண்ணைத் துடைத்தார்கள். வெண்டெலும் துடைத்துக்கொண்டார். துடைத்ததை யார் யார் பார்த்தார்கள் என்றும் பார்த்துக்கொண்டார்.

வண்டி கராஜுக்கு வந்த அன்றே அந்தப் பெருமை செத்தது. முன் பிரேக்கைப் பிடித்து நிற்க வேண்டியவை இரண்டு போல்ட்டுகள். ஒன்று இல்லை. இன்னொன்று கடைசி மரையில் தொங்கிக்கொண்டிருந்தது. போன குளிர்காலத்தில் அந்த பிரேக்கைப் பிரித்து மாட்டியவர் சாட்சாத் வெண்டெல்தான்.

முறுக்கி முடித்த ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு இழுப்பது அவர் வழக்கம். "கோடு இருந்தா முறுக்கியாச்சுன்னு அர்த்தம். நம்ம கையெழுத்து" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். தொங்கிய போல்ட்டில் கோடு இல்லை. அவருக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

அந்த போல்ட்டை மாதக்கணக்கில் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தார். இன்றுதான் புதிதாக இரண்டு போட்டு, முறுக்கி, தடிமனாகக் கோடும் இழுத்துவிட்டார்.

கிளிஃப் குனிந்து பார்த்தார். "இஞ்சின் இன்னும் அட்டைப்பெட்டியில கெடக்கு. அதுக்குள்ள பிரேக்குக்கு என்னப்பா அவசரம்?"

"எதுக்கப்புறம் எதுன்னு எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரியாமலா? மஞ்சள் பெயின்ட்ல பாதி உன் ஒருத்தனுக்குத்தானே காய்ச்சுறான்!" சிரித்துவிட்டு, ஒரு பீரையும் எடுத்துக்கொண்டு கிளிஃப் போய்விட்டார்.

இந்த முறை தாழ்ப்பாள் போட மறந்தது. அவர் போன சற்று நேரத்தில் லோர்னா உள்ளே வந்தார். ஆர்விட்டின் மனைவி. கையில் துணி சுற்றிய தட்டில் சூடாக இரண்டு பாஸ்டி, இறைச்சி அடைத்துச் சுட்டது.

"உக்காரும்மா லோர்னா."

அவர் உட்காரவில்லை. "வெண்டெல், உங்களை ஒண்ணு கேக்கணும். அவர் வேணும்னே போய் விழுந்தாரா?"

"என்ன பேச்சு இது?"

"அன்னிக்குக் காலையில பெரிய சண்டை. விரல் மடங்காத கைய வெச்சுக்கிட்டு உங்களுக்கு வண்டி ஒரு கேடா, வித்துத் தொலைங்கன்னு கத்தினேன். பதிலே பேசாம வண்டிய எடுத்துட்டுப் போனார். மான் மான்னு ஊரே சொல்லுது. நான் அனுப்பிவெச்ச மாதிரி இருக்கு எனக்கு. கண்ணை மூடினா தூக்கம் வரல."

வெண்டெல் அந்த முகத்தைப் பார்த்தார். பாதி ஆளாக இளைத்திருந்தது. ஒரு சொல் சொன்னால் இவள் பிழைத்துக்கொள்வாள், தான் தொலைந்தோம் என்று அவருக்குத் தெரிந்தது. நல்ல காரியத்தையும் மேடையில் நிற்பதுபோல் செய்தே அவருக்குப் பழக்கம். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

"மானும் இல்ல, மண்ணும் இல்ல. அவன் வேணும்னு விழவும் இல்ல. முன் பிரேக் கழண்டு சக்கரத்துல மாட்டியிருக்கு. போல்ட்டை ஒழுங்கா முறுக்கல. ஒரு சீசன் பூரா கொஞ்சம் கொஞ்சமா கழண்டிருக்கு. அந்த வேலையைச் செஞ்சது நான். உன் புருஷனைக் கொன்னது நான்தான், லோர்னா."

அழுகையோ அறையோ, எது வந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றார். லோர்னா அவரைப் பார்க்கவே இல்லை. முன் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முன் பிரேக்கா?"

"ஆமா."

"நல்லாப் பாத்தீங்களா?"

"இந்தக் கண்ணால பாத்தேன்."

லோர்னா தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் தரையிலேயே வைத்தார். பிறகு ஸ்டூலைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

"உங்க வேலையை அவர் ஒருநாளும் நம்பினதில்ல, வெண்டெல். ஒவ்வொரு வருஷமும் வண்டி வீட்டுக்கு வந்ததும், நீங்க மாட்டினது அத்தனையும் கழட்டி, பெட்ரோல்ல கழுவி, மறுபடி அவரே மாட்டுவார். உங்க மனசு நோகும்னு வெளிய சொல்லல."

வெண்டெலுக்கு முதலில் வந்தது கோபம். இத்தனை வருஷமா! நிம்மதி அதற்குப் பிறகுதான் மெல்ல வந்தது. நெஞ்சிலிருந்த தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

"அப்படின்னா… அவனே முறுக்காம விட்டுட்டானா?"

லோர்னா தன் இரண்டு உள்ளங்கைகளையும் மடியில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தத் தடவை அவர் கையில ஸ்பேனர் நிக்கல, வெண்டெல். மாட்டினது நான்."