உப்பு மண்

முகத்தை மூடியிருந்த துணியை உருவியதும் நெரெய்தாவின் கண்ணில் முதலில் பட்டவை மூன்று மண்வெட்டிகள். வண்டியின் பின்பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள். மூன்றிலும் ஒட்டியிருந்த மண் இன்னும் காயவில்லை.

குழியைத் தோண்டி வைத்துவிட்டுத்தான் தன்னைத் தூக்கி வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். சுற்றிலும் ஒரு செடி இல்லை. குவாய்மாஸ் துறைமுகத்துக்கு வெளியே கடலோரத்து உப்பு வெளி உச்சி வெயிலில் கண்ணைப் பறித்தது.

குவெரோ என்று மற்றவர்கள் கூப்பிட்ட அடியாள் அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினான். ஒரு மணி நேரத்துக்கு முன்பு அவள் வீட்டுக் கதவை உதைத்துத் திறந்தவன் அவன்தான். குரைத்துக்கொண்டு வந்த நாயைச் சுட்டவனும் அவன்தான்.

கவிழ்த்துப் போட்ட இறால் பெட்டியின் மேல் கும்பலின் தலைவர் டான் ரெமிஹியோ உட்கார்ந்திருந்தார். துறைமுகத்தில் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்ல ஆள் கிடையாது. அவள் மடிக்கணினி அவர் முழங்காலில் இருந்தது.

"சுர்கோங்கிற நிரல் நீ எழுதினதுதானே?" என்று கேட்டார்.

அவள் தலையசைத்தாள். பாசனத் துறையில் பொறியாளர் வேலை அவளுக்கு. வாய்க்காலில் எங்கே தண்ணீர் கசிகிறது என்று வானிலிருந்து எடுத்த படங்களை வைத்துக் கண்டுபிடிக்கத்தான் அதை எழுதினாள். யாருக்காவது பயன்படட்டும் என்று இணையத்தில் திறந்தே போட்டாள்.

தோண்டி மூடிய மண் எதுவானாலும் அது காட்டிக்கொடுக்கும் என்பதைக் கண்டுபிடித்தவள் லோஸ் மோச்சிஸ் ஊரைச் சேர்ந்த ஒரு தாய். காணாமல் போன மகளைத் தேடிக்கொண்டிருந்தவள். ஒரு நாள் சவப்பெட்டியின் படத்தை அனுப்பி, 'மகளை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன், நன்றி' என்று எழுதியிருந்தாள். அன்று நெரெய்தா அலுவலகக் கழிவறையில் போய் அழுதாள்.

அதன்பின் நான்கு வருடம். கும்பல்கள் கடத்திப் புதைத்த பிள்ளைகளைத் தேடும் தாய்மார்கள் நாடு முழுக்க அதை எடுத்துக்கொண்டார்கள். நெரெய்தாவுக்கு அதற்குச் சம்பளம் கிடையாது, உதவிக்கு ஆள் கிடையாது. இந்த ஊரில் ஓடவில்லை, அந்த மழையில் தெரியவில்லை என்று முந்நூறு புகார்கள் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பிணம் காத்திருந்தது. பதினோரு நாளுக்கு முன்பு 'இனி என்னால் முடியாது' என்று எழுதிவிட்டுப் பராமரிப்பதையே நிறுத்தினாள்.

"உப்பு மண்ணுல அது ஏன் பாக்க மாட்டேங்குது?" என்றார் டான் ரெமிஹியோ.

அந்தக் குறை அவளுக்குத் தெரியும். வெள்ளை மண்ணில் எல்லாம் ஒரே நிறமாகிவிடும். அதை ஒப்புக்கொண்டால் இனிமேல் எல்லாரையும் இங்கேயே கொண்டுவந்து புதைப்பார்கள்.

"எந்த மண்ணா இருந்தாலும் பாக்கும்" என்றாள்.

"பாக்கல." அவர் ஊகித்துச் சொல்லவில்லை. பார்த்துத் தெரிந்துகொண்டவர் போலச் சொன்னார்.

குவெரோ அவள் விலாவில் உதைத்தான். மூச்சு நின்று போய் மறுபடி வந்தது. எங்கே குறை, எந்த இடத்தில் திருத்தினால் சரியாகும் என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். ஒவ்வொரு மௌனத்துக்கும் ஓர் உதை விழுந்தது. நான்காவது முறை அவன் துப்பாக்கிக் கட்டையால் முகத்தில் அடித்தான். அவள் மூக்குக்கண்ணாடி தெறித்து விழுந்தது; பல் ஒன்று நாக்கில் உருண்டது.

டான் ரெமிஹியோ எழுந்தார். குவெரோவின் கையிலிருந்த துப்பாக்கியைப் பிடுங்கி, அதே கட்டையால் அவன் மூக்கில் இறக்கினார். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. அவன் உப்பின் மேல் மண்டியிட்டு இரண்டு கையாலும் ரத்தத்தைப் பிடித்துக்கொண்டான்.

"கண்ணுலயும் கையிலயும் படக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

எல்லோரையும் வண்டிக்கு அந்தப் பக்கம் போகச் சொன்னார். அவர்கள் கண்ணுக்கு மறையும் வரை காத்திருந்தார். பிறகு குனிந்து கண்ணாடியைத் தேடி எடுத்தார். ஒரு பக்கச் சில்லு விரிசல் விட்டிருந்தது. அதைச் சட்டையில் துடைத்து அவள் மூக்கில் மாட்டிவிட்டார்.

நெரெய்தா ரத்தத்தைத் துப்பினாள். தேடுகிற பெண்களின் பெயர்களைத்தான் அடுத்துக் கேட்கப் போகிறார் என்று தோன்றியது.

"அந்த நிரலை யார் யார் வச்சிருக்காங்கன்னு எனக்குத் தெரியாது" என்றாள். "கொன்னாலும் இதான் பதில். யார் வேணும்னாலும் இலவசமா எடுத்துக்கலாம். நான் பேர் கேக்குறதில்ல."

"யார் வேணும்னாலும்?"

"ஆமா."

"நல்லவனா கெட்டவனான்னு பாக்க மாட்ட?"

"மாட்டேன்."

அவர் அந்த வெள்ளை வெளியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவள் எதிரே மண்டியிட்டு, மடிக்கணினியை அவள் மடியில் வைத்தார்.

"அப்போ எனக்கும் திருத்திக் குடு இஞ்சினியரம்மா, என் மகனை இந்த உப்புலதான் எங்கயோ புதைச்சிருக்காங்க."